நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களுக்கான சிறப்பு ஆர்வக் குழுக்கள்

அறிமுகம்

நோயாளியைப் பரிசோதித்தல், நோயைக் கண்டறிதல், சிகிச்சையைத் தீர்மானித்தல் ஆகிய பொறுப்புகளை ஏற்கும் அளவுக்கு உயர்கல்வி பெற்ற செவிலியர் 'நர்ஸ் பிராக்டிஷனர்' எனப்படுகிறார். இவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர் பாடம் நடத்துவதோடு, "இந்த மாணவர் நோயாளியைத் தனித்துப் பார்க்கத் தகுதி பெற்றுவிட்டார்" என்று சான்றளிக்கவும் வேண்டியுள்ளது. அந்தச் சான்று தவறினால் அதன் விளைவை ஏற்பவர் நோயாளியே.

ஒரு கல்லூரியில் மனநலப் பிரிவுக்கோ குழந்தைகள் நலப் பிரிவுக்கோ இத்தகைய ஆசிரியர் ஒருவர் அல்லது இருவர் மட்டுமே இருப்பது வழக்கம். தம் தீர்ப்பு சரிதானா என்று கலந்து பேச, அதே துறையைச் சேர்ந்த வேறொருவர் அருகில் இருப்பதில்லை. இக்குறையை நீக்க, பல கல்லூரிகளின் ஆசிரியர்கள் துறைவாரியாக ஒன்றுகூடும் அமைப்பே சிறப்பு ஆர்வக் குழு ஆகும். அமெரிக்காவில் வளர்ந்த இம்முறையையும், இந்தியச் செவிலியக் கல்விக்கு அதன் பொருத்தத்தையும் இப்பக்கம் விளக்குகிறது.

நர்ஸ் பிராக்டிஷனர் பணி தோன்றிய வரலாறு

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், செவிலியர் லொரெட்டா ஃபோர்டு, குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வர் ஆகிய இருவரும் இதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர் கிடைக்காத பகுதிகளில் குழந்தைகளின் வளர்ச்சியைக் கண்காணிப்பதும், எளிய நோய்களைக் கவனிப்பதும், கடுமையான நோய்களை இனங்கண்டு உரிய இடத்துக்கு அனுப்புவதும் அப்பயிற்சியின் நோக்கங்களாக இருந்தன.

இப்பணி பின்னர் பிற துறைகளுக்கும் பரவியது. 2024ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உரிமம் பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர்களின் எண்ணிக்கை 3,85,000ஐக் கடந்திருந்தது. அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் மருத்துவரின் மேற்பார்வை ஒப்பந்தம் இன்றியே நோயாளிகளைப் பார்க்கவும் மருந்து எழுதவும் சட்டம் அனுமதிக்கிறது. ஏனைய மாநிலங்களில் பல்வேறு அளவிலான கட்டுப்பாடுகள் உள்ளன.

2008ஆம் ஆண்டின் ஒருமித்த ஒழுங்குமுறை மாதிரி, நர்ஸ் பிராக்டிஷனர் கல்வியை ஆறு மக்கள்பிரிவுகளாக வகுத்தது:

• குடும்ப நலம் (எல்லா வயதினரும்)
• வளரிளம் பருவத்தினர் முதல் முதியோர் வரை
• பச்சிளங்குழந்தைகள்
• குழந்தைகள்
• மகளிர் நலம்
• மனநலம்

இவற்றுள் முதியோர் உள்ளிட்ட பெரியவர்களுக்கான பிரிவும் குழந்தைகள் பிரிவும், 'ஆரம்ப நிலைப் பராமரிப்பு', 'கடுமையான நோய்நிலைப் பராமரிப்பு' என மேலும் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. ஒரு பிரிவில் தகுதி பெற்றவர் மற்றொரு பிரிவின் நோயாளிகளைத் தாமாகப் பொறுப்பேற்க இயலாது. ஆகவே ஆசிரியர்களும் பிரிவுவாரியாகவே தேவைப்படுகின்றனர். ஆசிரியர்கள் தனித்துப்போவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

ஆசிரியர்களின் தேசிய அமைப்பு

தொடக்க காலத்தில் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென ஒரு பாடத்திட்டத்தை வைத்திருந்தது. பயிற்சிக் காலமும் தரமும் இடத்துக்கு இடம் வேறுபட்டன. இந்நிலையைச் சீர்செய்யும் பொருட்டு 1970களின் நடுப்பகுதியில் ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பொதுவான பாடத்திட்டம் குறித்துப் பேசத் தொடங்கினர். அம்முயற்சியிலிருந்து உருவானதே நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களின் தேசிய அமைப்பு. படிப்பை முடிக்கும் ஒருவர் எவற்றையெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் அடிப்படைத் திறன்களின் பட்டியலை 1990ஆம் ஆண்டு முதல் இவ்வமைப்பு வெளியிட்டும் காலத்துக்கேற்பத் திருத்தியும் வருகிறது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்தில் இத்திறன்கள் 10 களங்களாக அமைக்கப்பட்டுள்ளன.

இவ்வமைப்பின் உறுப்பினர்கள் தத்தம் துறைக்கேற்பச் சேர்ந்து இயங்கும் உட்குழுக்களே சிறப்பு ஆர்வக் குழுக்கள். 'ஆர்வக் குழு' என்னும் சொல் அரசியலில் தம் நலனுக்காக அழுத்தம் தரும் குழுவையும் குறிக்கும். இங்கே அது ஒரே பாடத்தைக் கற்பிப்போரின் தொழில்சார் கூட்டத்தையே குறிக்கிறது.

குழுக்களின் வகைகள்

சிறப்பு ஆர்வக் குழுக்களைப் பொதுவாக மூன்று வகைகளாகப் பகுக்கலாம்.

1. நோயாளிப் பிரிவு சார்ந்தவை: மனநலம், குழந்தைகள் நலம், கடுமையான நோய்நிலைப் பராமரிப்பு போன்ற துறைகளின் ஆசிரியர்களுக்குரியவை.

2. கற்பித்தல் முறை சார்ந்தவை: உருவகப் பயிற்சி, தொலைநிலைக் கல்வி போன்ற முறைகளைப் பயன்படுத்துவோருக்குரியவை. இவற்றில் எல்லாத் துறையினரும் கலந்துகொள்வர்.

3. பொறுப்பு சார்ந்தவை: படிப்பை நிர்வகிக்கும் இயக்குநர்கள், ஆய்வு மேற்கொள்வோர் போன்றோருக்குரியவை.

ஓர் ஆசிரியர் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் சேர்வதும் உண்டு. மனநலம் கற்பிக்கும் ஒருவர், அத்துறையின் பாடப்பொருளுக்கு ஒரு குழுவையும் இணையவழிக் கற்பித்தலுக்கு வேறொரு குழுவையும் நாடலாம்.

துறைவாரிக் குழு ஏன் தேவை? – ஓர் எடுத்துக்காட்டு

இருமுனை மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் மருந்தை எடுத்துக்கொள்வோம். பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையிலான இடைவெளி இம்மருந்தில் மிகக் குறைவு. இரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு செயல்பாடு ஆகியவற்றைக் குறித்த கால இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கினால் உடலில் நீர்ச்சத்து குறைந்தாலோ, ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகளையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் உடன் எடுத்துக்கொண்டாலோ, லித்தியத்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும்.

மனநலப் பிரிவு மாணவரை மதிப்பிடும் ஆசிரியர், "மருந்தின் பெயரும் அளவும் சரியாகச் சொன்னாரா?" என்று மட்டும் பார்த்தால் போதாது. மூட்டுவலிக்கு வேறிடத்தில் மாத்திரை வாங்கும் பழக்கம் உண்டா என்று நோயாளியிடம் கேட்டாரா, வாந்தி வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவமனைக்கு வரச் சொன்னாரா என்பதையும் பார்க்க வேண்டும். பொது நலப் பிரிவிலிருந்து வந்து, ஆளில்லாக் குறையால் மனநலப் பாடத்தையும் ஏற்ற ஆசிரியருக்கு இந்த இரண்டாம் நிலைக் கேள்விகள் இயல்பாகத் தோன்றாமற் போகலாம். அத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய ஆசிரியர்களுடன் மதிப்பீட்டுப் படிவத்தைப் பகிர்ந்துகொண்டால், விடுபட்ட வரிகள் உடனே தெரியவரும்.

குழுக்களில் விவாதிக்கப்படும் முதன்மையான பொருள்கள்

அ. பயிற்சி நேரம்

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கான தர விதிகளைப் பல அமைப்புகள் இணைந்த தேசியப் பணிக்குழு 1997ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகிறது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், மாணவர் நோயாளிகளை நேரடியாகக் கவனிக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் 500 மணி நேரமாக இருந்தது. 2022ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை 750 மணி நேரமாக உயர்த்தியது.

மணிக்கணக்கு ஒரு குறைந்தபட்ச வேலி மட்டுமே. ஒரே 750 மணி நேரத்தில் ஒரு மாணவர் நூற்றுக்கணக்கான நீரிழிவு நோயாளிகளைப் பார்த்திருக்கலாம். மற்றொருவர் நெஞ்சுவலியுடன் வந்த ஒருவரைக்கூடப் பார்த்திராமல் இருக்கலாம். எத்தகைய நோயாளிகளை எத்தனை பேர் பார்த்திருக்க வேண்டும், எந்தத் திறனை நேரில் கண்டபின்பே சான்றளிக்க வேண்டும் என்பவற்றைத் துறையறிந்தவர்களே வகுக்க முடியும். துறைவாரிக் குழுக்களின் விவாதங்களில் இப்பொருள் முதன்மை இடம் பெறுகிறது.

ஆ. உருவகப் பயிற்சி

பயிற்சிப் பொம்மை, நோயாளியாக நடிப்பவர், கணினி வழிக் காட்சி ஆகியவற்றின் துணையுடன் அளிக்கப்படுவது உருவகப் பயிற்சி. இளநிலைச் செவிலியக் கல்வியில், மருத்துவமனைப் பயிற்சியின் பாதி வரை தரமான உருவகப் பயிற்சியால் ஈடுசெய்யலாம் என்று அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆயினும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில், மேற்சொன்ன 750 மணி நேரக் கணக்கில் உருவகப் பயிற்சி சேர்க்கப்படுவதில்லை. அது கூடுதல் பயிற்சியாகவே கருதப்படுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. தெளிவற்ற அறிகுறிகளுடன் வரும் உண்மையான நோயாளியிடமிருந்து நோயை ஊகித்தறியும் ஆற்றலை, முன்கூட்டியே எழுதப்பட்ட காட்சியால் முழுமையாகத் தர இயலாது. மறுபுறம், இதயம் திடீரென நின்றுபோதல் போன்ற அரிய அவசரநிலைகளை ஒவ்வொரு மாணவரும் மருத்துவமனையில் சந்திப்பார் என்று உறுதி கூறவும் முடியாது. எதை உருவகத்தால் கற்பிப்பது, எதை நோயாளியிடமே கற்பிப்பது என்பதை ஆசிரியர்கள் தம் அனுபவங்களை ஒப்பிட்டே வரையறுக்கின்றனர்.

இ. பணியிட வழிகாட்டிகள்

மருத்துவமனையில் மாணவரை உடன்வைத்துப் பயிற்றுவிக்கும் மருத்துவரோ மூத்த நர்ஸ் பிராக்டிஷனரோ பணியிட வழிகாட்டி எனப்படுவார். பெரும்பாலோர் இதைத் தம் அன்றாடப் பணிகளுக்கிடையே ஊதியமின்றிச் செய்கின்றனர். மாணவர் எண்ணிக்கை பெருகும்போது வழிகாட்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்படுகிறது. இதனை ஈடுசெய்ய ஜார்ஜியா, மேரிலாந்து, ஹவாய் முதலிய சில மாநிலங்கள் வழிகாட்டிகளுக்கு வருமான வரிச் சலுகை அளிக்கின்றன.

வழிகாட்டி கிடைப்பது மட்டும் போதாது. மாணவரின் குறையை அவர் தயங்காமல் எழுதித் தரவும் வேண்டும். நல்லுறவு கருதி எல்லா மாணவருக்கும் 'நன்று' என்று குறிக்கும் வழக்கம் எந்த நாட்டிலும் காணக்கூடியதே. எளிமையான மதிப்பீட்டுப் படிவம், வழிகாட்டிகளுக்கான சுருக்கமான அறிமுகப் பயிற்சி ஆகியவற்றைக் குழுக்கள் பொதுவில் உருவாக்கிப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒவ்வொரு கல்லூரியும் அவற்றைத் தனித்தனியே ஆக்க வேண்டிய தேவை குறைகிறது.

ஈ. ஆசிரியரின் சொந்த மருத்துவப் பணி

கற்பிப்பவரும் தொடர்ந்து நோயாளிகளைப் பார்த்துவர வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் சான்றளிக்கும் வாரியங்களுள் ஒன்று, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க 1,000 மணி நேர மருத்துவப் பணியையும் 100 மணி நேரத் தொடர்கல்வியையும் கேட்கிறது. முழுநேர ஆசிரியருக்கு இது வாரத்துக்குச் சுமார் நான்கு மணி நேரம். வகுப்பு, தேர்வு, மருத்துவமனை மேற்பார்வை ஆகியவற்றோடு இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அப்பணியைக் கல்லூரி வேலைநேரத்துக்குள் சேர்ப்பதா, அதன் ஊதியம் யாருக்கு உரியது என்பன போன்ற நடைமுறை வினாக்களுக்குப் பிற கல்லூரிகள் கண்ட தீர்வுகளை அறியக் குழுக்கள் உதவுகின்றன.

உ. பட்டநிலையும் புதிய பாடங்களும்

நர்ஸ் பிராக்டிஷனருக்கான தொடக்கநிலைக் கல்வி முழுவதையும் 2025ஆம் ஆண்டுக்குள் செவிலியப் பணி முனைவர் பட்டமாக உயர்த்த வேண்டும் என்று தேசிய ஆசிரியர் அமைப்பு 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. எனினும் முதுநிலைப் பட்ட அளவிலான படிப்புகள் இன்றும் தொடர்கின்றன. படிப்புக் காலமும் செலவும் கூடினால் ஊரகப் பகுதிகளுக்கு வரும் செவிலியர் குறைவர் என்பது ஒரு தரப்பு. பொறுப்பு கூடும்போது கல்வியும் கூட வேண்டும் என்பது மறுதரப்பு. தொலைமருத்துவத்தைப் பாடத்தில் சேர்ப்பதை அமைப்பு ஆதரித்ததைத் தொடர்ந்து, திரைவழியே நோயாளியைப் பரிசோதிக்கும் முறையைக் கற்பிப்பதும் விவாதப் பொருளாகியுள்ளது.

குழுக்களின் வரம்புகள்

சிறப்பு ஆர்வக் குழு ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு அன்று. படிப்புக்கு அங்கீகாரம் அளிப்பதும், உரிமம் வழங்குவதும், தேர்வு நடத்துவதும் வேறு அமைப்புகளின் பணிகள். குழுவின் பரிந்துரை எந்தக் கல்லூரியையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

உறுப்பினர்கள் பெரும்பாலும் தன்னார்வமாகவே பணியாற்றுவதால், தலைமை மாறும்போது குழுவின் செயல்பாடு தேங்கிவிடுவதுண்டு. பெரிய பல்கலைக்கழகத்தாரின் குரலே மேலோங்கி, சிறிய கல்லூரிகளின் சிக்கல்கள் பின்தள்ளப்படவும் கூடும். தலைவர், இணைத்தலைவர் பொறுப்புகளுக்குக் காலவரையறை வைப்பதும், ஓராண்டுக்கு ஒன்றிரண்டு பணிகளை மட்டும் எடுத்து முடிப்பதும் இக்குறைகளைத் தணிக்கும்.

உலக அளவிலும் இந்தியாவிலும்

உலகச் செவிலியர் பேரவை 2000ஆம் ஆண்டில் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் மேம்பட்ட செவிலியப் பணியாளர்களுக்கும் ஒரு வலையமைப்பை உருவாக்கியது. மேம்பட்ட செவிலியப் பணி குறித்த வழிகாட்டுதல்களைப் பேரவை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டது.

இந்தியாவில் நர்ஸ் பிராக்டிஷனர் பணிநிலையை உருவாக்க 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை பரிந்துரைத்தது. இந்திய நர்சிங் கவுன்சில், தீவிர சிகிச்சைத் துறைக்கான இரண்டாண்டு முதுநிலை உறைவிடப் படிப்பை வகுத்துள்ளது. இதில் வகுப்பறைக் கல்வி 20 விழுக்காடு. மருத்துவமனை மற்றும் ஆய்வகப் பயிற்சி 80 விழுக்காடு. படிப்பை முடித்தவர் மருத்துவமனையின் நெறிமுறைகளுக்கும் நிலையான ஆணைகளுக்கும் உட்பட்டுப் பணியாற்றுவார். மகப்பேற்றுத் துறைக்கு, 2018ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் செவிலியச் சேவை வழிகாட்டுதல்கள் 18 மாதப் பயிற்சியை வகுத்தன.

இப்படிப்புகள் இந்தியாவுக்குப் புதியவை. எனவே இவற்றைக் கற்பிப்போருள் பலர் தாமே நர்ஸ் பிராக்டிஷனராகப் பயின்றவர்கள் அல்லர். பொதுச் செவிலிய முதுநிலைப் பட்டமும் நீண்ட பணி அனுபவமும் கொண்டவர்கள். பயிற்சியின் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதால், தீவிர சிகிச்சை மருத்துவர்களும் வழிகாட்டிகளாக உள்ளனர். மருத்துவர் ஒரு மாணவரிடம் எதிர்பார்ப்பதும், செவிலிய ஆசிரியர் எதிர்பார்ப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ள நோயாளியின் இரத்தவாயு அளவுகளைக் கண்டு கருவியின் அமைப்பை மாற்றப் பரிந்துரைப்பது மாணவரின் எல்லைக்கு உட்பட்டதா, எப்போது அவர் மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும் என்பவை எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அமெரிக்க விதிகளை அப்படியே எடுத்தாள இயலாது. அங்குள்ள சட்ட உரிமை இங்கு இல்லை. ஆனால் ஒரே துறை ஆசிரியர்கள் தம் மதிப்பீடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை எந்நாட்டுக்கும் பொருந்தும்.

ஆசிரியர் குழு தொடங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை

1. ஒரே துறையை எடுத்துக்கொள்க. 'செவிலியக் கல்வி' என்று விரிவாகத் தொடங்காமல், 'தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் மாணவர் மதிப்பீடு' என்பதுபோல் குறுக்குக.

2. மூன்று அல்லது நான்கு கல்லூரிகளின் ஆசிரியர்களுடன் தொடங்குக. வழிகாட்டியாகப் பணியாற்றும் மருத்துவர் ஒருவரையும் சேர்க்க.

3. முதல் பணியாக ஒரே மாணவரின் செயல்முறைக் காணொளி ஒன்றை, மாணவரின் ஒப்புதலுடன், எல்லா ஆசிரியர்களும் தனித்தனியே மதிப்பிடுக. மதிப்பெண்கள் எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பார்த்தாலே, விவாதிக்க வேண்டிய பொருள் கிடைத்துவிடும்.

4. கூட்டத்தை மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க. முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதிச் சுற்றுக்கு விடுக.

5. நோயாளியின் பெயர், பதிவு எண், ஒளிப்படம் போன்ற அடையாளங்களை எந்த விவாதத்திலும் பகிரலாகாது. நடப்புத் தேர்வு வினாக்களையும் பகிரலாகாது.

6. குழுவின் பரிந்துரைகளைக் கல்லூரி முதல்வர் வழியே பல்கலைக்கழகத்துக்கும் செவிலியர் கவுன்சிலுக்கும் எழுத்தில் தெரிவிக்க. கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்துக்கு மாறான மாற்றங்களைத் தாமாகச் செய்தல் கூடாது.

அடிக்கடி எழும் வினாக்கள்

இக்குழுவில் மாணவர்கள் சேரலாமா?
ஆசிரியர்களின் மதிப்பீட்டு முறைகள் விவாதிக்கப்படும் அமர்வுகளில் மாணவர்கள் இடம்பெறுவது பொருந்தாது. ஆசிரியப் பணிக்கு வர விரும்பும் மூத்த மாணவர்களைப் பாடப்பொருள் சார்ந்த அமர்வுகளுக்கு மட்டும் அழைக்கலாம்.

இதற்கும் பணியாளர் சங்கத்துக்கும் என்ன வேறுபாடு?
ஊதியம், பணி நிபந்தனைகள் ஆகியவற்றுக்காகச் செயல்படுவது சங்கம். கற்பித்தலின் தரத்துக்காகச் செயல்படுவது ஆர்வக் குழு. ஒருவர் இரண்டிலும் உறுப்பினராக இருக்கத் தடையில்லை.

பொதுமக்களுக்கு இதனால் என்ன பயன்?
உங்களைப் பரிசோதிக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் எந்தக் கல்லூரியில் பயின்றிருந்தாலும் அவருடைய தகுதி ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியர்கள் தமக்குள் ஒப்பிட்டு உடன்படும்போதுதான் அந்த அளவுகோல் உருவாகிறது.

நினைவிற் கொள்ள

• நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர் அளிக்கும் சான்று நோயாளியின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது.
• துறைவாரி ஆசிரியர்கள் தனித்து இயங்குவதே சிறப்பு ஆர்வக் குழுக்கள் தோன்றக் காரணம்.
• பயிற்சி மணிக்கணக்கு குறைந்தபட்சத் தேவை. திறனுக்கு அது மாற்றாகாது.
• குழுவின் பரிந்துரை அறிவுரையே. விதிகளை வகுப்பது கவுன்சிலும் பல்கலைக்கழகமும்.
• தாம் தேர்ச்சி அளித்த மாணவரை வேறொரு கல்லூரி ஆசிரியரும் தேர்ச்சி பெறச் செய்வாரா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்துப் பார்ப்பது ஒவ்வோர் ஆசிரியருக்கும் நன்று.